எஞ்சின் சைக்கிளும் அண்ணனின் கைகளும்

எங்கள் அண்ணன் கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே, வயல் வட்டைகளின் நடுவே உள்ள எங்கள் சிற்றூரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவர் மறைந்த முப்பத்தோராம் நாளான இன்று இந்த நினைவு மலரைப் பெறுவோருக்காக அவருடைய நற்குணங்களை எழுதும்படி அவரது மனைவியான மச்சாள் கேட்டார். நான் எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவன். ஓரிடத்தில் தங்கிப் பழகாதவன். நற்குணங்களை அடுக்க எனக்கு வராது. தெரிந்த ஒன்றை எழுதுகிறேன்.

யுத்த காலத்தில் அண்ணனின் முழங்காலில் பாய்ந்த துப்பாக்கிச் சன்னம் கடைசிவரை உள்ளேயே இருந்தது. அந்தக் காலோடுதான் எருமைப் பாலைக் காய்ச்சிச் சட்டிகளில் உறையவிட்டு, சைக்கிளில் கட்டி, மண்முனைப் பாலம் தாண்டிக் காத்தான்குடிக் கடையொன்றுக்குக் கொண்டுபோனார். வயது ஏற, மிதிக்க இயலவில்லை. உப்பளத்து வேலையை விட்டு ஊர் வந்திருந்த நான், புல் வெட்டும் மெஷின் ஒன்றின் எஞ்சினைக் கழற்றி அவருடைய சைக்கிளில் பொருத்தினேன். ஓடியது. ஆனால் சைக்கிள் முழுவதும் நடுங்கியது. ரப்பர் நடுக்கத்தை விழுங்கிவிடும் என்று நினைத்து, எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையே பழைய சைக்கிள் ரியூப்பை மடித்து வைத்தேன். மறுநாளே வேறு வேலை தேடிப் புறப்பட்டேன்.

“மறுகா வந்து சரியாப் பாக்கிறன்” என்றேன்.

முதற் கிழமையே கடைக்காரர் அண்ணனுக்குச் சட்டியைச் சரித்துக் காட்டினார். தயிர் உடைந்து நீர் மேலே நின்றது. “தம்பி, நீ தயிர் கொண்டு வாறியா, மோர் கடைஞ்சி கொண்டு வாறியா?” என்று கேட்டாராம். அண்ணன் சிரித்துவிட்டு எல்லாச் சட்டிகளையும் திருப்பிக் கட்டிக்கொண்டு வந்தார். அயலவர்கள் அந்தத் தயிரைச் சும்மா வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சைக்கிளுக்கு ‘மத்து’ என்று பெயர் வைத்தார்கள். அவர்களில் சிலரும் இதை வாசிப்பார்கள்.

பிறகு தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, கை ரெண்டும் விறைச்சிப் போகிது. இறங்கின பிறகும் எஞ்சின் கைக்குள்ள ஓடுறாப் போல இரிக்கி. எப்ப வாறாய்?”

“வாறன் அண்ண. அதுக்குள்ள இன்னொரு ரப்பர் வைங்க.”

வைத்தார். ரப்பர் கூடக்கூட எஞ்சின் அதிகமாக ஆடியது, நட்டுகள் கழன்றன. நான் கட்டாருக்குப் போய்விட்டேன். மூன்று வருடம் அதே கேள்வி, அதே பதில்.

பின்னர் அவர் கேட்பதை நிறுத்தினார். ரப்பரை எல்லாம் வீசிவிட்டு, சட்டத்தின் வளைவுக்கு இசைய ஓர் இரும்புத் தகட்டை அரத்தால் ராவி, எஞ்சின் துளியும் அசையாதபடி இறுக்கினார். எஞ்சினுக்கு நான் கொடுத்த மெத்தையை அவர் சட்டிகளுக்குக் கொடுத்தார்: பெட்டியில் வைக்கோல், அதன்மேல் சாக்கு. தயிர் உடையாமல் போய்ச் சேர்ந்தது. அதை வைத்துத்தான் நடுக்கம் குறைந்ததை அவர் அறிந்தார். கைகளுக்கு அது தெரியவில்லை.

கொதிக்கும் பால் தாச்சியை ஒருநாள் வெறுங்கையால் இறக்கினார். மச்சாள் கத்திய பிறகே உள்ளங்கையைப் பார்த்தாராம். புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் நீரிழிவு, சீனி வருத்தம் என்றார்கள். விறைப்பும் அதனால் வந்திருக்கலாம் என்றார் டொக்டர். அந்த ‘இருக்கலாம்’ எனக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்டது. நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் புண்ணே அண்ணனைக் கொண்டுபோனது. நான் ஊர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சாவுத் துடக்குக் கழியுமுன்பே தயிர் கொண்டுபோனதைப் பிழை என்கிறார்கள். எருமைகளுக்குத் துடக்குத் தெரியாது. மச்சாள் உறையவிட்டார், அந்த சைக்கிளில் நான் கொண்டுபோனேன். பாலம் முழுவதும் கடந்தும் கை விறைக்கவில்லை. கடைக்காரர் சட்டியைச் சரித்தார். நீர் இல்லை.

“உன்ட அண்ணன் செஞ்ச வேலை இது. நீ கை வச்சிடாத” என்றார்.

அவருக்கும், அண்ணனை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்ற பக்கத்து வளவு அண்ணாச்சிக்கும், செத்த வீட்டில் சமைத்துப் பரிமாறியவர்களுக்கும், அன்று மத்து என்று சிரித்து, பிறகு பாடையைத் தூக்கியவர்களுக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி. இனி ஊரிலேயே நிற்பாயா என்று என்னைக் கேட்கிறார்கள். வாக்குக் கொடுக்க எனக்குத் தகுதியில்லை. நாளைக்குரிய சட்டிகள் உறைந்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் கொண்டுபோவேன், தகட்டில் கை வைக்கமாட்டேன்.

— தம்பி