பாட்டிலில் கொண்டுபோன சாட்சி

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: அன்று ஆஸ்டின் டவுன் வளர்ப்பு மீன் கடையில் நின்று கத்திய முட்டாள் நான்தான்.

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. என் மகள் பெயர் வைத்துக் கொஞ்சிய கோமாளி மீன் அன்று காலை ஒருபக்கமாகச் சாய்ந்து மூச்சு வாங்கியது. நோய் பிடித்த மீனைக் கடையில் என் தலையில் கட்டிவிட்டார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாட்சிக்குத் தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

"இதெல்லாம் ஒரு வியாபாரமா அக்கா? உயிரோட விளையாடுறீங்க" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன்.

கடைக்கார அக்கா பாட்டிலை வாங்கினார். உப்பு அளக்கும் கருவியில் என் சாட்சியை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார்.

"தொட்டியில தண்ணி வத்துமே, அப்ப என்ன ஊத்துறீங்க?"

"உப்புத்தண்ணிதான். கடல் மீனாச்சே" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

"ரசம் சுண்டிப்போனா வீட்ல இன்னும் உப்பா போடுவீங்க? தண்ணிதான் போகும் சார், உப்பு உள்ளயேதான் இருக்கும். உள்ள இருக்கறதுல கொஞ்சம் எடுத்துட்டு, வெறும் ஆர்.ஓ. தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, ரெண்டு மூணு நாளைக்கு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எங்கள் வீட்டில் தினமும் ரசம் வைப்பவனே நான்தான். அக்கா மேல் இருந்த கோபம் அப்படியே என் மேல் திரும்பியது. இன்றுவரை அது முழுதாகத் தணியவில்லை.

நான்காம் நாள் மீன் நிமிர்ந்து நீந்தியது. கடைக்கு ஓடினேன்.

"அன்னிக்குப் பேசினதுக்கு மன்னிச்சிடுங்க அக்கா."

அவர் வலையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"என்கிட்ட எதுக்கு, மீன்கிட்ட கேளுங்க."