ஓடிக்கொலோன் மணத்த துணி

ஓடிக்கொலோன் வாசம் எங்கேனும் வந்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வரும். தொண்ணூறுகளில், ஆக்லாந்தில் நாங்கள் தமிழ்ப் பூசைக்கென்று இரவல் வாங்கியிருந்த கோயிலில், பெரிய வெள்ளி பின்னேரம் சனம் வரிசையாகப் போய், சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை "முத்தி செய்யும்". ஆண்டவரின் பாதத்தில் ஒருவர் உதடு பதித்து விலகியதும், பக்கத்தில் நிற்பவர் ஓடிக்கொலோன் என்ற வாசனைத் தண்ணீர் தெளித்த வெள்ளைத் துணியால் அந்த இடத்தை ஒருமுறை ஒற்றிவிடுவார். முதல் ஆளுக்கும் அந்தத் துணிதான், கடைசி ஆளுக்கும் அந்தத் துணிதான். மணத்ததால் அது சுத்தம் என்று எல்லோரும் நம்பினார்கள்.

துணி சவிரிமுத்து மாமாவின் கையில் இருக்கும். உறவுக்காரரல்ல, எங்கள் செபக் குழுவின் தலைவர். குருவானவர் மாதம் ஒருமுறை வந்துபோகிறவர் என்பதால், மற்ற நாட்களில் மாமா வைத்ததுதான் சட்டம்.

அந்த ஆண்டுகளில் நகரத்தில் மூளைக்காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. ஒருவர் குடித்த போத்தலில் மற்றவர் குடிக்க வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் துண்டுத்தாள் தந்தார்கள். அம்மா யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் நர்ஸாக இருந்தவர். இங்கே அந்தச் சான்றிதழ் செல்லாது என்றதால் முதியோர் இல்லமொன்றில் உதவியாளராக வேலை செய்தார். காய்ச்சலில் எனக்கு மேல் சுட்டால் போதும், உடம்பில் புள்ளி தெரிகிறதா என்று தேடுவார். தெரிந்தால் கண்ணாடிக் கிளாஸை அதன்மேல் அழுத்திப் பார்ப்பார். அழுத்தியும் மறையாவிட்டால் அது மூளைக்காய்ச்சல், ஒரு நிமிடமும் சுணங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பார்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம், பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமை, செபக் கூட்டத்தில் அம்மா எழுந்து நின்றார். "எச்சிலாலை பரவுற வருத்தம். இந்த முறை தலை குனிஞ்சு கும்பிட்டால் காணும்," என்றார். மாமா சிரித்தார். "ஆண்டவரிலை கிருமி இருக்குமோ, தங்கச்சி? கிழடுகளைக் கழுவித் துடைக்கிற இடத்திலை இதையுமோ படிப்பிக்கினம்?" சபை முழுக்கச் சிரித்தது. பென்ரோஸில் ஸ்டோர் வேலை முடித்து நேரே வந்திருந்த அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அப்பா வாய் திறக்காமல் இருந்ததையும்தான்.

பெரிய வெள்ளியன்று அம்மா சுரூபத்தின் முன் முழங்காலிட்டு, தலை மட்டும் குனிந்து எழுந்தார். "விசுவாசம் காணாது," என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. தோளைப் பிடித்திருந்த அம்மாவின் கையை உதறிவிட்டுப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி முத்தமிட்டேன். மாமா "கெட்டிக்காரி" என்று சொல்லித் துணியால் ஒற்றினார். எனக்கு அடுத்ததாக முத்தமிட்டவள் அவருடைய மகள் டிலானி. என் வயது, என் சிநேகிதி.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு செபக் கூட்டம் அவர்கள் வீட்டில் நடந்தது. டிலானி காய்ச்சலோடு அறையில் படுத்திருந்தாள். பனடோல் மாத்திரை கொடுத்துவிட்டு, விறாந்தையில் எல்லோரும் அவளுக்காகச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா யாரையும் கேட்காமல் உள்ளே போனார். அவளுடைய கால்களில் ஊதா நிறத்தில் புள்ளிகள். குசினிக்கு ஓடிக் கிளாஸை எடுத்துவந்தது நான்தான். அம்மா அழுத்தினார், புள்ளி மறையவில்லை. "மிச்சச் செபத்தைக் காருக்குள்ளை சொல்லுங்கோ. பிள்ளையைத் தூக்குங்கோ," என்றார். அம்மா அப்படி அதட்டி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

டிலானி பிழைத்தாள். ஒரு காது மட்டும் கேட்காமல் போயிற்று. இன்னும் ஒரு மணி நேரம் பிந்தியிருந்தால் பிள்ளை இல்லை என்று டாக்டர் சொன்னாராம்.

நன்றி சொல்ல வருவார்கள் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது வேறு கதை. "அவவின்ரை கரிநாக்கு. சொல்லி வைச்சா, வந்திட்டுது," என்று மாமாவின் மனைவி சொன்னாராம். ஒரு கிழமைக்குள் தமிழ்ச் சனம் முழுக்க அதையே சொன்னது. செபக் கூட்டத்துக்கு எங்களை அழைப்பது நின்றது. டிலானியைப் பார்க்கப் போன என்னை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். உயிரைக் காப்பாற்றியவளுக்கு அவர்கள் கொடுத்த பட்டம் கரிநாக்குக்காரி. அம்மாவோ, "சிலுவையாலைதான் வந்ததெண்டு ஆராலும் சொல்லேலாது, பிள்ளை. எங்கையிருந்தும் வந்திருக்கும்," என்று அவர்களுக்காகப் பேசினார். ஏன் இவர்களுக்குப் பரிந்து பேசுகிறார் என்று அவரோடும் கோபித்தேன். டிலானிக்கு முன்னால் முத்தமிட்டவள் நான் என்பதை அம்மா பார்த்திருந்தார். அந்த ஆறுதல் எனக்குத்தான் என்பது விளங்க வருடங்கள் எடுத்தன. அதன்பிறகு சாகும்வரை அம்மா தமிழ்ப் பூசைக்குப் போகவில்லை. ஆங்கிலப் பூசையில் கடைசி வாங்கில் அமர்ந்து, பாட்டுத் தெரியாமல் உதட்டை மட்டும் அசைப்பார்.

உலகத்தையே பூட்டிய பெருந்தொற்றுக்குப் பிறகு வந்த ஒரு பெரிய வெள்ளியில் அந்தக் கோயிலுக்குப் போனேன். கதிரைகளை எட்ட எட்டப் போட்டிருந்தார்கள். தீர்த்தத் தொட்டி காய்ந்து கிடந்தது. முத்தி செய்யும் வரிசை இல்லை; வெள்ளைத் துணியும் இல்லை. வாசலில் முகக்கவசத்தோடு ஒரு கிழவர், சானிடைசர் போத்தலைப் பிடித்தபடி, "ஒருத்தரும் சுரூபத்தைத் தொடாதேங்கோ. தலை குனிஞ்சு கும்பிட்டால் காணும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரலை வைத்தே சவிரிமுத்து மாமா என்று தெரிந்தது.

நான் இன்னாருடைய மகள் என்று சொல்லி, "இதை அம்மா அப்பவே சொன்னவ, மாமா," என்றேன்.

"ஓம் பிள்ளை. அப்ப ஆருக்குத் தெரியும்?"

"அம்மாவுக்குத் தெரியும்."

அவர் எனக்குப் பின்னால் நின்றவரின் கையில் போத்தலைச் சாய்த்தார்.