அம்மாவின் பீப்பாவைக் கவிழ்த்தேன்

இரண்டு வாரமாக என் அம்மா என்னோடு பேசுவதில்லை. என்னைப் பற்றி மட்டும் பேசுகிறார் — பஸ் ஹோல்ட்டில், கோயிலில், மிளகு காயவைக்கும் முற்றத்தில்… யார் கிடைத்தாலும்.

"தண்ணியோட அரும தெரியாத பய" என்பது குற்றச்சாட்டு.

யாரைச் சொல்கிறார்? மாத்தளைப் பக்கத்தில் தண்ணீரைச் சேமியுங்கள் என்று ஊர் ஊராக மைக் பிடித்தவனை! பல்லேபொலவில் பேசியிருக்கிறேன். யட்டவத்த சந்தையில், கருவாட்டுக் கடைக்குப் பக்கத்தில் நின்று பேசியிருக்கிறேன். (பாதிப் பேர் என்னிடம் கருவாட்டு விலை கேட்டார்கள். அது வேறு விஷயம்.)

நடந்ததைச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

எங்கள் குடியிருப்பு பலாபத்வலவுக்கு உள்ளே, ஓயாக் கரையில் இருக்கிறது. ஓயா என்றால் ஆறு; பெயர்தான் பெரிது. வெயில் காலத்தில் கணுக்கால்கூட நனையாது. குழாயைத் திறந்தால் காற்று வரும். மழைக்காலத்தில் அதே ஓயா எங்கள் வாசல்படி வரைக்கும் வந்து நலம் விசாரிக்கும். ஒன்று, வரவே மாட்டேன் என்கிறது. இல்லை, வீட்டுக்குள்ளேயே வருகிறேன் என்கிறது. இப்படி ஒரு சொந்தக்காரர் உங்களுக்கும் இருப்பார்!

எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான் ஒருவன்தான். அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதே என்னைச் சேர்ப்பதற்குத்தான். ஆகவே ஊரில் எந்தக் குழு அமைத்தாலும் நான் செயலாளர். "படிச்ச புள்ள, அது பாத்துக்கும்" என்று எழுந்து போய்விடுவார்கள். தண்ணீருக்கும் வெள்ளத்துக்குமான குழு என் தலையில் விழுந்ததும் அப்படித்தான்.

முதல் கூட்டம் வெயில் காலத்தில், கோயில் மண்டபத்தில். நிலைபேறான நீர்ப் பாவனை, அனர்த்த முகாமைத்துவம், சமூகப் பங்களிப்பு… விளாசிவிட்டேன். கைதட்டல் வேறு. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்: "எப்படிம்மா பேசினேன்?"

"நல்லாத்தான் பேசுனே. எதப் பத்தி?"

அன்றோடு அந்தத் தமிழை மடித்து வைத்தேன். அடுத்த தடவை ஒரு பிளாஸ்டிக் பீப்பாவை உருட்டிக்கொண்டு போனேன். கூரைத் தகரத்தின் ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடப் பீலி கட்டி, அதன் வாயை ஒரு குழாயால் பீப்பாவுக்குள் விட்டுக் காட்டினேன். முதல் மழையில் கூரை அழுக்குக் கழுவிப் போகட்டும், அப்புறம் பிடியுங்கள். நுளம்பு முட்டையிடாமல் துணி கட்டி மூடுங்கள். கடைசியாக ஒரு வரி: "வானத்துலேருந்து சும்மா விழுவுது. ஒரு சொட்டு வீணாக்காதீங்க!"

புரிந்தது. ரொம்ப நன்றாகவே புரிந்துவிட்டது… அங்கேதான் வினை.

வீட்டுக்கு வீடு பீப்பா முளைத்தது. அம்மாதான் கெப்டன். மேகம் கறுத்தால் ஊரில் எல்லோரும் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். எங்கள் லைன் வீடுகளில் பெண்கள் வாளியோடு வெளியே ஓடினார்கள். ஒரு பீப்பா நிறைந்ததும் குழாயை அடுத்ததற்கு மாற்ற வேண்டுமே — அதற்காகத் தலையில் உரச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றே பிடிப்பார்கள். நான் பெருமையில் மிதந்தேன்.

அடுத்தது வெள்ளப் பாடம். ஓயா ஏறினால் எல்லோரும் மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அதற்கு ஓர் ஒத்திகை. எங்கிருந்தோ இரவல் வாங்கிய சைரனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அலற விட்டேன். ஒரு கதவு திறக்கவில்லை! மெயின் ரோட்டில் அம்புலன்ஸ் போகிறது என்று நினைத்திருக்கிறார்கள். அடுத்த வீட்டுக் குசுமா அக்கா மட்டும் ஜன்னலைத் திறந்து, "அனே மல்லி, யாருக்குத் தம்பி வருத்தம், ஆஸ்பத்திரிக்கா?" என்று பாவமாகக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து, பேக்கரி ரொட்டி விற்கும் நவ்பர் நானாவின் பாண் வண்டி மெட்டுப் போட்டபடி வந்தது. அந்த மெட்டுத்தான் உங்களுக்குத் தெரியுமே… டிங்-டிங்கென்று, நித்திரையில் இருப்பவனையும் எழுப்பும். அத்தனை கதவும் திறந்தது!

"நானா, நிக்காதீங்க! அப்படியே ஸ்கூலுக்கு மேல ஏறுங்க!"

"ஏன் தம்பி, அங்க யாருக்கும் பாண் வேணுமா?"

"ஏறுங்க நானா, சொல்றேன்!"

நானா ஏறினார். பின்னாலேயே ஊரும் ஏறியது — தட்டோடு, பையோடு, திட்டிக்கொண்டே. "என்னா மனுசன் இவரு, நிப்பாட்ட மாட்டேங்கிறாரு!" பள்ளிக்கூடத்து வாசலில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். ஆளுக்கொரு பணிஸைக் கடித்தபடி ஒரு விதி செய்தோம். பாண் நேரத்தில் மெட்டுக் கேட்டால், பாண். நேரங்கெட்ட நேரத்தில் கேட்டால், மேட்டுக்கு ஓட்டம்.

ஒத்திகை அபார வெற்றி! அன்றைக்கு நல்ல வெயில். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு பின்னேரம் மலைப்பக்கம் கறுத்து, கொட்டத் தொடங்கியது. ஓயா பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாறி, மரக்கொப்புகளை உருட்டிக்கொண்டு வந்தது. நான் நவ்பர் நானாவுக்கு போன் போட்டேன். பாண் இல்லாத நேரம். மெட்டு மட்டும் மழைக்குள் ஊரைச் சுற்றியது. நான் பள்ளிக்கூடத்துக் கதவைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

ஒரு குஞ்சு வரவில்லை.

கீழே ஓடினேன். லைன் முழுக்கப் பெண்கள் — சாக்கும் தலையுமாக, பீலிக்கு அடியில். நடுவில் அம்மா, நீலப் பீப்பாவுக்குக் காவல்.

"அம்மா, பாட்டுக் கேக்கலயா?"

"கேட்டுச்சு. இது ரொம்பட்டும், வாறேன்."

"ஓயா ஏறுதும்மா!"

"எனக்கும் கண்ணு இருக்கு. குழாயில காத்து வந்தப்ப ஒங்க ஓயாவா வந்து தண்ணி குடுத்துச்சு? நீதானடா சொன்னே, ஒரு சொட்டு வீணாக்கக் கூடாதுன்னு!"

"அதானே!" என்றார் பக்கத்துப் பீலியில் நின்ற குசுமா அக்கா. மற்றவர்கள் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா நகர்ந்தால் அவர்கள் நகர்வார்கள். அம்மா நின்றால் அத்தனை பேரும் நிற்பார்கள். வீடுகளுக்குப் பின்னால் ஓயாவின் சத்தம் மாறிக்கொண்டிருந்தது… பெரிய கற்கள் உருளும் சத்தம்.

மண்டபத்தில் மணிக்கணக்காகப் பேசியவன் நான். இப்போது பேசி என்ன? என் வார்த்தையைத்தான் அவர் எனக்கே திருப்பித் தந்துவிட்டாரே!

நீலப் பீப்பாவை இரண்டு கையாலும் பிடித்தேன். கவிழ்த்தேன்.

பீப்பாவின் கழுத்து வரைக்கும் ஏறியிருந்த தண்ணீர் அம்மாவின் காலடியில் கொட்டியது. அம்மா பீப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவரில் சாய்த்திருந்த விளக்குமாற்றைப் பார்த்தார்.

"அடேய்!"

ஓடினேன். எங்கே ஓடுவேன்? ஒத்திகை பார்த்த வழியில்தான்! என் பின்னால் அம்மா, விளக்குமாறும் கையுமாக. அம்மாவுக்குப் பின்னால் விலக்குப் பிடிக்கக் குசுமா அக்கா. அவருக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க மொத்த லைனும். எல்லோருக்கும் பின்னால் நவ்பர் நானா, டிங்-டிங்கென்று மெட்டைப் போட்டுக்கொண்டே, "தம்பிய உட்டுடாதீங்க, புடிங்க, புடிங்க!" என்று அம்மாவுக்கு உற்சாகம் கொடுத்தபடி. நான் பார்த்ததிலேயே வேகமான வெளியேற்றம் அதுதான்.

பள்ளிக்கூடத்து வாசலில் அம்மா என்னைப் பிடித்தார். ஒரு அடி விழுந்தது. இரண்டாவதற்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓயா எங்கள் முற்றத்துக்குள் புகுந்திருந்தது. நாங்கள் சற்று முன் நின்ற இடத்தில் பழுப்புத் தண்ணீர் சுழன்றது. பீப்பாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக, தேர்த் திருவிழா போல, வரிசை கலையாமல் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் நீலம்.

அம்மா விளக்குமாற்றை மெதுவாக இறக்கினார். பக்கத்தில் நின்றவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு தன் தலையிலிருந்த சாக்கைக் கழற்றி என் தலையில் போட்டார். நான் நனைந்துகொண்டிருந்தேனாம்.

தண்ணீர் வடிந்த பிறகு யோசித்தேன். ஒத்திகையை வெயிலில் வைத்தேனே… வெயிலில் யாருக்கு எதை விட்டுவிட்டு ஓடக் கஷ்டம்? மழையில்தானே எங்கள் ஊருக்குத் தண்ணீர் வருகிறது! ஆபத்தும் அதே மழையோடுதான் வருகிறது. ஒன்றை நான் நன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். மற்றதைத் தனியாக, வேறொரு நாளில் சொல்லிக்கொடுத்தேன். இரண்டும் ஒரே நாளில் வந்து நின்றால் எதை முதலில் பார்ப்பது என்று சொல்லவேயில்லை.

இப்போது பீப்பாக்களை வரிசையாகக் குழாயால் இணைத்துவிட்டோம். ஒன்று நிறைந்தால் தானாக அடுத்ததற்குப் போகும். யாரும் காவல் நிற்க வேண்டாம். எல்லாவற்றையும் பலாமரத்தோடு கயிற்றால் கட்டியாயிற்று. கீழே மூங்கில் புதரில் சிக்கிக் கிடந்த நீலப் பீப்பாவும் திரும்பி வந்துவிட்டது, ஒரு பக்கம் நசுங்கி. அடுத்த ஒத்திகை கொட்டுகிற மழையில். நவ்பர் நானா குடை கேட்டிருக்கிறார்.

அம்மா மட்டும் இன்னும் இறங்கி வரவில்லை. நேற்றும் பஸ் ஹோல்ட்டில், முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரு சொட்டு வீணாக்காதீங்கன்னு ஊருக்கே பாடம் எடுத்த பய… என்னோட ஒரு பீப்பாத் தண்ணிய அப்படியே கொட்டிட்டான்!"

கொட்டினேன்தான். சொல்லட்டும்… சொல்ல அம்மா இருக்கிறாரே!