என் பெயரில் மட்டும் ஏறிய கோப்பு

ஒரு பெண் பொய் சொல்கிறாள் என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். அவள் சொன்னது உண்மை. பிழை என்னுடையது.

ஓய்வுபெற்ற பிறகு புத்தளத்தில் ஓர் உப்புக் கொம்பனியின் கணினிகளைக் கவனித்து வந்தேன். களஞ்சியத்திலிருந்து போகும் உப்பின் விவரத்தை அங்கே வேலை செய்த அவள் தினமும் கொழும்புத் தலைமையகத்தின் சேவர் கணினியில் உள்ள கோப்புறையில் சேமிக்க வேண்டும். அந்தக் கோப்புறை எங்கள் கணினியிலேயே இருப்பதுபோலத் தெரியும்படி, என் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைத்தவன் நான்.

அவளுடைய பழைய கணினியை மாற்றி நான் அப்படி இணைத்த பிறகு கொழும்புக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. முதலாளி அவளை அழைத்துக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"திறந்து வாசிக்க ஏலும் சேர். சேமிக்கப் போனா அனுமதி இல்லை எண்டு வருது."

நான் என் பெயரில் உள்நுழைந்து ஒரு வரி எழுதினேன். உடனே சேமித்தது.

"எனக்கு ஏறுதே. அகதி ஆக்களுக்குப் பொய்ச் சாட்டுச் சொல்ல நல்லாத் தெரியும்" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். 1990இல் மற்ற வட மாகாண முஸ்லிம்களோடு புலிகளால் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் அவளுடைய பெற்றோர். அவள் பிறந்ததே புத்தளத்தில்தான். கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் வரவில்லை.

"வேற ஆளப் பாக்கட்டா சேர்?" என்று முதலாளி கேட்டார்.

"பாருங்க" என்றேன். அதையும் சொன்னேன்.

புதிய ஆளுக்காகக் கணினியைத் தயார் செய்தபோதுதான் அவள் பெயரில் உள்நுழைந்து சேமித்துப் பார்த்தேன். அனுமதி இல்லை என்று வந்தது. கொழும்பில் அவளுக்கு எழுதும் உரிமை இருந்தது. இங்கே நான் இணைத்த விதத்தில் கோப்புறை முழுவதும் எனக்கே சொந்தமாகி, மற்றவர்கள் வாசிக்க மட்டும் முடிந்தது. ஒரு வரியைத் திருத்தினேன், சரியாகிவிட்டது. முதல் நாளே அவள் பெயரில் சோதித்திருக்கலாம். தோன்றவேயில்லை.

முதலாளியிடம் தனியாக ஒப்புக்கொண்டேன். "சரி உடுங்க சேர், அவள வரச் சொல்லுவம்" என்றார். அதோடு முடிந்துவிடாதா என்றுதான் விரும்பினேன். ஆனாலும் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். உட்காரக் கதிரை தந்தாள்.

"எல்லாருக்கும் முன்னாலதானே சொன்னீங்க சேர். அங்கயே சொல்லுங்க."

மறுநாள் காலை அலுவலகத்தில் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். என் பிழையையும், 'அகதி ஆக்கள்' என்று நான் சொன்ன அந்த வார்த்தையையும்.

"அதெல்லாம் யாரு சேர் நெனப்புல வெச்சிருக்கா" என்றார் ஒருவர், சிரித்தவர்களில் ஒருவர்.

அவள் வேலைக்குத் திரும்பினாள். சலாம் சொன்னால் பதில் சொல்கிறாள். ஒவ்வொரு மாலையும் சேமித்து முடித்ததும் திரையைத் தன் போனில் படம் எடுத்துக்கொள்கிறாள். நான் அறையில் இருந்தால் என் கண்முன்னேயே எடுக்கிறாள்.