ஃபோர்க்லிஃப்டுக்கு இரண்டு பெயர்

எங்கள் வீட்டுச் சண்டை ஒன்றைத் தொடங்கி வைத்த பெருமை எனக்கும் ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்கும் சேரும். அப்போது நான் நான்காம் வகுப்பு. ஆயக்குடியில் அப்பாவும் மாமாவும் கூட்டாகக் கொய்யாக் கிடங்கு நடத்தினார்கள். பழப்பெட்டிகளை லாரியில் ஏற்ற, மாமா கோயம்புத்தூர் போய் ஒரு பழைய ஃபோர்க்லிஃப்ட் வாங்கி வந்திருந்தார். வெளிநாட்டுக் கம்பெனி வண்டி என்று பழனி வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

ஆயுத பூஜைக்கு அதைத் துடைக்கும் வேலை எனக்கு. பின்பக்கம் கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் ஓரம் பிய்ந்து அழுக்கேறியிருந்தது. பூஜையன்று அசிங்கமாக இருக்குமே என்று எண்ணெய் தடவி நகத்தால் சுரண்டினேன். ஸ்டிக்கர் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் பெயின்ட்டில் வேறொரு பெயர், நம் நாட்டுக் கம்பெனியின் பெயர். புதையல் கண்டவள் மாதிரி அப்பாவை இழுத்து வந்து காட்டினேன்.

அப்பா மாமாவைக் கூப்பிட்டார். லோடு ஏற்றுகிற ஆட்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள்.

"நீ ஏமாந்துட்டியா மாப்ள, இல்ல என்னைய ஏமாத்துறியா?"

மாமாவின் முகம் கறுத்துவிட்டது.

"மெக்கானிக்க வரச் சொல்லுங்க மச்சான்" என்றதோடு சரி. பூஜைக்கு அவர் நிற்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் திண்டுக்கல்லிலிருந்து மெக்கானிக் வந்தார். இன்ஜினைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டூப்ளிகேட்டெல்லாம் இல்லங்க. மொதல்ல நம்ம நாட்டுக் கம்பெனி அவங்க பேருல செஞ்சாங்க. பெறகு வெளிநாட்டுக்காரங்க கூட்டுச் சேந்தாங்க. செஞ்சு கெடந்த வண்டிக்கெல்லாம் புதுப் பேர மேல ஒட்டி வித்தாங்க. அதே ஃபேக்டரி, அதே இன்ஜின். இப்ப அந்தக் கூட்டும் முறிஞ்சுபோச்சு."

எனக்கு உயிர் வந்தது. மாமா ஏமாறவும் இல்லை, ஏமாற்றவும் இல்லை.

"அப்பச் சரி மாப்ள, வெரசா லோட ஏத்து" என்றார் அப்பா. மாமா தலையாட்டினார். அன்றைக்கு லோடும் ஏறியது. அடுத்த வாரம் கிடங்குச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஆடலூரில் மிளகு வியாபாரம் பார்க்கப் போவதாகக் கிளம்பினார். அம்மா அழுதார். அப்பா அந்த நேரம் பார்த்துக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்.

மெக்கானிக் சொன்னது மாமாவின் காதில் சரியாக விழவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். பஸ் நிறுத்தம் வரை பின்னால் ஓடினேன்.

"வண்டி நல்ல வண்டிதான் மாமா!"

"வண்டிக்கு என்ன தாயி, நல்லாத்தேன் இருக்கு" என்று தலையைத் தடவிவிட்டு ஏறிக்கொண்டார்.

மெக்கானிக் பதில் சொன்னது வண்டியைப் பற்றித்தான். அப்பா கேட்டது வண்டியைப் பற்றி அல்ல என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.