லைனுக்கு அர்த்தம் சொன்ன தாய்மாமன்

எனக்கு மூளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அகராதி இருக்கிறது. அதையும் பாதிதான் படித்திருக்கிறேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்; நீங்கள் திட்டுவதற்கு வசதியாக இருக்கும்.

திருத்தணி மலைமேல் தங்கச்சி மகளுக்கு மொட்டை, காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான் ஒருத்தன்தான். "உங்கண்ணன் நேரத்துக்கு வந்துடுவாராம்மா?" என்று அவள் மாமியார் இழுத்தபோது, "எங்கண்ணனா? மொத ஆளா நிப்பாரு" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தாள் தங்கச்சி.

மொட்டை முடிந்ததும், "ராகுகாலம் பொறக்கறதுக்குள்ள காது குத்தணும். ஓடிப்போயி தரிசன டிக்கெட்டு வாங்கினு வந்துடு" என்றாள்.

டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி ஒருவர். "லைன் நகரவே மாட்டேங்குதுங்க" என்றார். சும்மா சொன்னவரைச் சும்மா விட்டேனா?

"லைன்னா என்னான்னு தெரியுங்களா?" என்று ஆரம்பித்தேன். உடம்பு இளைக்கத் தின்கிறோமே ஆளிவிதை, அந்தச் செடியின் நாருக்கு லத்தீனில் 'லீனும்' என்று பேர். அதில் திரித்த நூலை இழுத்துக் கட்டினால் நேர்கோடு. அந்த நூல்தான் ரயில் லைன் ஆச்சு, கரண்டு லைன் ஆச்சு, கவிதையில் ஒரு வரி ஆச்சு. கோட்டுச் சட்டைக்கு உள்ளே தைக்கிற லைனிங்கூட அந்தச் செடியின் சொந்தக்காரன்தான். பெண்கள் உள்ளாடையை லாஞ்சரி என்கிறார்களே, அதுவும்... இதைக் கோயில் வரிசையில் உரக்கச் சொன்னேன். பின்னால் நின்ற அம்மாக்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

"சார், முன்னால இடம் காலியா கீது, போங்க" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"நீங்க போங்க, நான் முடிச்சிட்டு வரேன்."

பாவம் அந்த வியாபாரி, "ஆங்... ஆங்..." என்று கேட்டுக்கொண்டே நழுவி, டிக்கெட் வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார். அவருக்குப் பின்னாலும் பலர் போனார்கள். சைலன்டில் போட்ட போன் சட்டைப்பையில் துடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

டிக்கெட்டோடு ஓடிவந்தபோது மண்டபத்தில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தாள். தங்கச்சி வீட்டுக்காரர் பாவாவின் அண்ணன் மடியில். ஒரு காதில் கம்மல் ஏறிவிட்டது. மாமியார் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து இல்லை, தங்கச்சியைப் பார்த்து.

"எங்கடா பூட்ட? உந்தங்கச்சி போன் பண்ணிகினே இருந்தாளே!" என்றார் என்னைப் பெற்ற நைனா.

"லைன்ல..." என்றேன். அவ்வளவு நேரம் அத்தனை அர்த்தம் சொன்ன அதே லைன். கையிலிருந்த டிக்கெட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சந்தனம் பூசிய அந்தச் சின்ன மொட்டைத் தலையை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது.

காது குத்தும் பத்தர் அடுத்த கம்மலை எடுத்தார்.

"இன்னொரு காது பாக்கி இருக்குதும்மா..." என்று முனகினேன்.

தங்கச்சி குழந்தையைத் தூக்கி என் பக்கம் நீட்டினாள்.

"உக்காரு. வாயத் தொறக்காத."