அவரே தைத்த உறையாம்!

புதுக் கித்தான் துணிக்கு ஒரு வாசனை உண்டு. மெழுகும் மண்ணெண்ணெயும் பழைய சாக்கும் கலந்தது போல மூக்கில் ஏறி, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். மழையில் நனைந்துவிட்டாலோ, ஈர ஆட்டுக்குப் பக்கத்தில் படுத்திருப்பது போல இருக்கும். சின்ன வயதில் முகர்ந்த வாசனைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் கண் கலங்கி எழுதுகிறார்கள். எனக்கு இந்த வாசனை வந்தால் பற்றிக்கொண்டுதான் வருகிறது. போன மாதம் லாரி ஒன்று கித்தான் போர்த்திக்கொண்டு எங்கள் தெருவைத் தாண்டிப் போயிற்று. அன்றைக்கு முழுக்க வீட்டில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

காரைக்காலில் மாதா கோயிலுக்குப் பின்னால் எங்கள் ஓட்டு வீடு. அப்பா அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. அவருடைய பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய "சொல்தா". அவர் மகனோடு இருக்கப் பிரான்சுக்குப் போனபோது கட்டில், அலமாரி எல்லாவற்றையும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பாய்மரம் வைத்த ஒரு சின்ன மரப்படகை மட்டும் அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு அரசலாற்றுக்குப் போய்விடுவார். முகத்துவாரம் வரைக்கும் பாய் விரித்துப் போய்த் திரும்பி வருவார். ஒரு மீனாவது பிடித்து வந்தாரா என்றால் அதுவும் கிடையாது. கிளிஞ்சல்மேட்டு மீனவர்கள் பெண்களைப் படகில் ஏற்ற மாட்டார்கள். அந்தப் பழக்கத்தை மட்டும் அவர்களிடமிருந்து பக்தியோடு வாங்கிக்கொண்டார். "பொம்பள கால் பட்டா படகுக்கு ஆகாது" என்பார். மீனே பிடிக்காத படகுக்கு அதற்குமேல் என்ன ஆகவேண்டியிருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த வருஷம் கோடையிலிருந்தே அம்மா ஓடு மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூடத்தில் வெயில் காசு காசாக விழும், அப்படிப்பட்ட கூரை. அப்பா "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, மழைக்காலம் தொடங்கும் முன்னால் ஒரு நாள் நாகப்பட்டினம் போய்விட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். கூட இறங்கியது ஓடு அல்ல, ஒரு சுருள் கித்தான். படகுக்கு உறை தைக்க வேண்டுமாம். மழையில் மரம் ஊறிப்போகுமாம். எங்கள் வீட்டுக் கூரைச் சட்டமும் கைமரமும் மட்டும் இரும்பால் செய்ததா என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

அம்மாவிடம் காலால் மிதிக்கும் தையல் மெஷின் ஒன்று இருந்தது. கல்யாணத்தின்போது அவள் பிறந்த ஊரான விழிதியூரிலிருந்து மாட்டு வண்டியில் வந்தது. அந்த வீட்டில் அம்மாவுடையது என்று சொல்ல அது ஒன்றுதான். ஐப்பசி வந்துவிட்டால் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கிறிஸ்துமஸ் துணி அம்மாதான் தைப்பாள். துணிப் பொட்டலங்கள் பெஞ்சின் மேல் அடுக்கி இருக்கும். "எங்க வூட்டுதுக்கு கை மட்டும் பஃப் வச்சிருங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த நாட்களில் அம்மாவின் நடையே வேறாக இருக்கும். தெருவில் எல்லோரும் அவளைத் தேடி வருவார்கள் அல்லவா, அதனால்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் பொட்டலங்களை நகர்த்திவிட்டுக் கித்தானைப் பிரித்துப் போட்டார் அப்பா. படகுக்கு மேல் உறை ஒன்று போதாதா? போதாது. சுற்றி வைத்த பாய்க்கு ஓர் உறை, சுக்கானுக்கு ஓர் உறை, துடுப்புக்குக்கூட உறை. அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அளவு சொல்வார். அம்மா மிதிப்பாள். கித்தானின் கனம் மெஷினை இழுக்காமல் இருக்க நான் அந்தப் பக்கம் நின்று தூக்கிப் பிடிக்க வேண்டும்; தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கும். மடித்து அடித்த ஓரத்தில் நான்கு மடிப்புச் சேருகிற இடத்தில் ஊசி "டக்"கென்று ஒடியும். "பாத்துத் தைக்கக் கூடாதா" என்பார் அப்பா. ஒரு நாள் அம்மா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒங்க படகுக்கு ஜாக்கெட் ஆச்சு, பாவாடை ஆச்சு, தாவணி ஒண்ணுதாங்க பாக்கி" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. அவர் செய்த வேலை ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்: ஓரத்தில் கயிறு கோக்கப் பித்தளை வளையங்கள் அடித்தார். அதற்கே விரலில் துணி சுற்றிக்கொண்டு அலைந்தார்.

உறை போட்ட படகைப் பார்க்க ஆற்றங்கரையில் கூட்டம். அளவெடுத்த சட்டை போல அத்தனை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. வலைக்காரர் ஒருவர் தடவிப் பார்த்துவிட்டு, "யாருங்க தச்சது?" என்று கேட்டார். அப்பா கொஞ்சமும் கூசாமல், "நானேதான்" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அப்பா அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்: "பொம்பள தச்சதுன்னு சொன்னா அந்த ஆளுங்க மூஞ்சியச் சுளிப்பாங்க. ஒனக்கு எதுக்கு அந்தப் பேரு?" அம்மா "சரிங்க" என்று சொல்லி உலையில் அரிசி போடப் போனாள். அந்தச் "சரிங்க" இருக்கிறதே, அதை நினைத்தால்தான் இன்னும் கோபம் வருகிறது.

மெஷின் போய்விட்டது. கித்தானை இழுத்து இழுத்துப் பல் தேய்ந்து, மெல்லிய துணியை வைத்தால் தையல் விட்டு விட்டு விழுந்தது, நூல் அடியில் கொத்தாகச் சிக்கியது. "எண்ணெ போடு, சரியாயிரும்" என்றார் அப்பா. கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் ரிப்பேர்காரர் எங்கே வரப்போகிறார்? வாக்குக் கொடுத்தாயிற்றே என்று மிச்சத் துணிகளை அம்மா கையாலேயே தைக்க ஆரம்பித்தாள். விரல் நுனியெல்லாம் புண். ஒரு பிள்ளை பூசைக்குப் பழைய துணியோடு வந்து நின்றாலும் தெருவில் தலை நிமிர முடியாது என்பது அவள் பயம்.

அப்புறம் அடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் கூடத்தில் ஏழெட்டு இடத்தில் ஒழுகியது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா மகளுக்குத் தைத்த வெள்ளை கவுனின் மேல் ஓட்டுக் கரியும் செம்மண்ணும் கலந்த தண்ணீர் சொட்டி, நெஞ்சுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாடி" என்று கொட்டும் மழையில் இறங்கினாள். நேராக ஆற்றங்கரை. முளைக்குச்சியில் கட்டிக் கிடந்த படகின் இந்தப் பக்கத்து முடிச்சுகளை அவிழ்த்தாள். அந்தப் பக்கத்து முடிச்சுகள் எட்டவில்லை. ஒரு கணம் நின்றாள். பிறகு, காலைத் தூக்கி வைத்துப் படகில் ஏறினாள். பாலத்தில் குடை பிடித்து நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். கித்தானை ஆளுக்கு ஒரு முனையாகச் சுமந்து வந்து, ஜன்னல் கம்பிக்கும் கதவு ஆணிக்குமாகக் கயிறு இழுத்துத் துணிகளுக்கு மேல் கட்டினோம்.

சாயங்காலம் அப்பா தொப்பலாக நனைந்து வந்தார். அண்ணாந்து கித்தானைப் பார்த்தார். ஒழுகும் கூரையைப் பார்த்தார், விரலில் துணி சுற்றிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "ஐயையோ, படகு நனையுமே!" என்பதுதான். மனுஷனா அவர்? அன்றைக்கு நான் அவரை மனதுக்குள் திட்டிய திட்டை எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் சாமியாரிடம் சொன்னதில்லை, சொல்லப்போவதும் இல்லை.

எல்லாத் துணியும் பூசைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. கறை மேல் ரோஜாப் பூ போலத் துணி சுருட்டித் தைத்துக் கொடுத்தாள் அம்மா. ஆனால் அதோடு சரி. மெஷினை யாரும் பழுது பார்க்கவில்லை. அம்மா அதற்குப் பிறகு யாருக்கும் தைக்கவும் இல்லை. அதன் மேல் ஒரு விரிப்பைப் போட்டு டிவி வைத்தார்கள்.

இப்போது படகு கட்டிய கரையில் நடைபாதை போட்டுவிட்டார்கள்; காலையில் சர்க்கரை குறைய நடக்கிறார்கள். படகை அப்பா எப்போதோ விற்றார். மெஷின் பழைய இரும்புக்குப் போயிற்று. தெருப் பிள்ளைகள் ரெடிமேடில் மினுங்குகிறார்கள். போன வருஷம் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்களில் ஒருவர், இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "என்னா கைவேலைங்க அவருக்கு! படகு உறையகூட அவரே தச்சுக்குவாரு" என்றார். நான் சாம்பார் வாளியைத் தரையில் வைத்தேன். "எங்கப்பாவுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாதுங்க. தச்சது எங்கம்மா. அந்தா உக்காந்திருக்காங்க, கேளுங்க" என்றேன். அவர் அம்மாவைக் கேட்கவில்லை. பக்கத்து இலைக்காரரிடம், "துக்கத்துல பேசுது, பாவம்" என்றார். துக்கமாம்!

எல்லோரும் போன பிறகு அம்மாவிடம் பாய்ந்தேன். "நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்னம்மா? தெருவுத் துணியக் காப்பாத்த மழையில ஓடுனியே, அதையாவது சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள்.

"துணிக்காவா? கட்டிலுக்கு அடியில நல்ல தார்ப்பாய் ஒண்ணு கெடந்துச்சுடி. அதக் கட்டியிருந்தாலே போதும்."

"அப்ப எதுக்கு ஆத்துக்குப் போனே?"

"மழத்தண்ணி நெறஞ்சு அந்தப் படகு முழுகட்டும்னுதான் ஒறைய அவுத்துட்டு வந்தேன்" என்றாள். "எளவு, மெதந்துக்கிட்டு நின்னுச்சு."